கூத்துப் பயிலும் வகுப்பறை

நிறைவிழாக் காணும் நம் கல்லூரியின் மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென மலர்க்குழுவினர் பணித்தபோது, ஆசிரியப் பெருந்தகைகளின் சிறப்பையோ விளையாட்டுக் களத்து வெற்றிகளையோ நினைவுகூர்தல் எளிதாக இருந்திருக்கும். அவற்றை என்னினும் நன்றாக எழுதவல்லார் பலர் உளர். முப்பதாண்டுகளுக்கு மேல் தமிழாசிரியனாயிருந்தவன் என்ற முறையில், வகுப்பறையிலே நான் பிழைவிட்டுக் கற்ற பாடமொன்றையே இங்குக் கூற விழைகின்றேன். பாட்டும் ஆட்டமும் கூடிய நாடகத்தை மாணாக்கருக்குப் பாடமாகக் கற்பிப்பது எங்ஙனம் என்பதே அது.

இக்கல்லூரியில் நான் மாணவனாயிருந்த நாளிற் பரிசளிப்பு விழாத்தோறும் நாடகம் உண்டு. ஆங்கில நாடகக் காட்சியொன்றும், நீண்ட செந்தமிழ் வசனங்கள் பேசப்படும் அரச நாடகமொன்றும் மேடையேறும். கல்லூரிக்குக் கூப்பிடு தூரத்திலுள்ள கோயில் வெளியில் விடியவிடிய ஆடப்படும் கூத்தோ எங்கள் மேடைக்கு ஒருநாளும் வந்ததில்லை. "கூத்தாடவா போகிறாய்?" என்பது படிப்பிற் பின்தங்கிய பிள்ளையை வீட்டார் வையும் சொல்லாக இருந்தது. படித்தவர் பார்ப்பது நாடகம், பாமரர் ஆடுவது கூத்து என்னும் பிரிவினையை யாம் ஐயமின்றி ஏற்றுக்கொண்டோம். அதனால் இழந்தது யாதென அறியப் பல்லாண்டுகள் சென்றன.

பழைய மரபு

தமிழை இயல், இசை, நாடகம் என மூன்றாக வகுத்துக் கூறுதல் நம் மரபு. மூன்றையும் வேறுவேறாகப் பிரித்து, முதலாவதை மட்டும் வகுப்பறையில் வைத்துக்கொண்டது பிற்கால வழக்கம். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை நோக்குக. மாதவி ஐந்தாம் வயதிற் பயிற்சி தொடங்கி ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் வயதில் அரங்கேறினாள். அவளுக்குத் துணைநின்றோர் ஆடலாசிரியன், இசையாசிரியன், இயற்றமிழ்ப் புலவன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகியோர். புலவனும் தண்ணுமை முழக்குவோனும் அங்கு ஒரே பாடத்தின் ஆசிரியர்கள். ஏழுகோல் அகலமும் எட்டுக்கோல் நீளமும் ஒருகோல் உயரமுமாக அரங்கின் அளவும் அங்கே கூறப்படுகின்றது. பாட்டும் ஆட்டமும் மேடையும் ஒன்றாகவே கற்கப்படவேண்டியவை என்பது இளங்கோவடிகள் காலத்திற்கு வியப்பான செய்தியன்று.

நம் நாட்டிலே இதனை மீண்டும் நினைவூட்டியவர் காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் (1892–1947). 1926இல் வெளிவந்த அவருடைய 'மதங்க சூளாமணி', ஆங்கில நாடகாசிரியரைச் 'செகசிற்பியார்' எனத் தமிழ்ப்பெயரால் அழைத்து, அவர் நாடகங்களையும் வடமொழித் தசரூபகத்தையும் தமிழ் நாடக மரபோடு வைத்து ஆராய்கின்றது. அடிகள் பிறந்த கிழக்கு மண்ணிலே கூத்து அக்காலத்தும் ஊர்தோறும் உயிருடன் ஆடப்பட்டு வந்தது.

ஈழத்திற் பாட்டினால் நடைபெறும் நாடகங்கள் பெரும்பான்மையும் இருவகைப்படும். ஒன்று, மத்தளமும் சல்லரியும் முழங்க, ஆட்டத்தோடு பாடப்படும் கூத்து. மட்டக்களப்பிலே இது வடமோடி எனவும் தென்மோடி எனவும் வழங்கும். போரும் வீரமும் வடமோடிக்கும், காதல் தென்மோடிக்கும் சிறப்பாக உரியவை என்பர். மற்றையது, ஆர்மோனியப் பின்னணியோடு இராகங்களிற் பாடி நடிக்கப்படும் இசைநாடகம். தமிழகத்திலே சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வளர்த்த நாடக மரபு கடல்கடந்து வந்து யாழ்ப்பாணத்தில் வேரூன்றியது. 'மயான காண்டம்' என்றவுடன் காங்கேசன்துறை வி. வி. வைரமுத்துவின் குரல் காதில் ஒலியாத யாழ்ப்பாணத்து முதியவர் அரியர். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் அமைத்த நாடக சபையின் நடிகர் சிறுவர்களே. பாட்டினால் நடிக்கும் கலையைச் சிறுவர்க்கு ஒழுங்காகப் பயிற்றலாம் என்பதற்கு அதனினும் சான்று வேண்டுமோ?

இக்கட்டுரை கூத்தைப் பற்றியதே. எனினும் கூறுவன பல இசைநாடகத்திற்கும் பொருந்தும்.

பரிசு பெற்ற பிழை

1970களின் முற்பகுதியில் மட்டக்களப்பு மாவட்டத்துப் பாடசாலையொன்றிற்கு மாற்றம் பெற்றுச் சென்றேன். யாழ்ப்பாணத்தவனாகிய எனக்கு வடமோடி, தென்மோடி என்பன நூல்வழி அறிந்த பெயர்கள் மட்டுமே. பாடசாலைகளுக்கிடையிலான கூத்துப் போட்டியொன்றிற்கு அழைப்பு வந்தது. நாடகம் தெரிந்தவனென அதிபர் என்னைப் பொறுப்பாக்கினார். கையில் இருந்தது மூன்று வாரம்.

ஒலிப்பதிவுக் கருவியிற் பதிந்திருந்த கர்ணன் கதைப் பாடல்களிற் சிலவற்றைத் தேர்ந்து மாணவர்களை மனனஞ் செய்வித்தேன். குரல்வளம் மிக்கவனைக் கர்ணனாக்கினேன். உடுப்பையும் முடியையும் வாடகைக்குப் பெற்றோம். ஒலிவாங்கிக்கு முன்னே ஒவ்வொருவராக வந்து பாடி, இரண்டு சுற்றுச் சுற்றி, திரைக்குப் பின்னே சென்றார்கள். முதற்பரிசு எமக்கே கிடைத்தது.

விழா முடிந்தபின் முதியவர் ஒருவர் என்னிடம் வந்தார். அவ்வூர் அண்ணாவியார் அவர். வெற்றிலையை ஒருபுறம் ஒதுக்கிக்கொண்டு, "பிள்ளைகள் நல்லாப் பாடினாங்க மாஸ்டர். ஆனா ஆரும் ஆரோடயும் கதைக்கல்லயே" என்றார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அவர் கூறியது முற்றும் உண்மை. குந்தி பாடியது கர்ணனை நோக்கியன்று, ஒலிவாங்கியை நோக்கி. கர்ணனோ தன் முறை வரும்வரை அடுத்த அடியை மனத்துள் ஒப்பித்துக்கொண்டு நின்றான். பாட்டுகள் இருந்தன, நாடகம் இருக்கவில்லை. கூத்தின் பாட்டென்பது ஒருவர் இன்னொருவர்க்குச் செய்யும் செயல். இரத்தல், மறுத்தல், அச்சுறுத்தல், ஏமாற்றுதல், தேற்றுதல் ஆகியன அங்கே பாட்டாகவே நிகழ்கின்றன. பாட்டினைச் செயலாகக் காணாதவரை, கூத்துப் பயிற்சி ஒப்புவித்தலின் வேறாகாது.

மறுவாரம் அண்ணாவியார் வீடு தேடிச் சென்று, அடுத்த ஆண்டு பிள்ளைகளைப் பழக்கித் தருமாறு வேண்டினேன். "மூணு கிழமையில ஏலாது மாஸ்டர். ஒரு வருசம் தாங்க" என்றார். அவர் வீட்டின் வளையிற் கட்டப்பட்டிருந்த துணிப்பொதியில் ஏடுகள் இருந்தன. அவர் மக்களுள் எவரும் மத்தளத்தைத் தொட்டதில்லை என்பதைப் பின்னரே அறிந்தேன். ஓராண்டு கேட்டதன் பொருள் அப்போதுதான் விளங்கிற்று. அவர் வேண்டியது போட்டிக்கான காலத்தையன்று; தம்மிடமிருப்பதை ஒப்படைக்கும் காலத்தை.

அண்ணாவியாரின் பாடத்திட்டம்

கூத்துக்கு இலக்கணம் உண்டு. கற்பித்தல் முறையும் உண்டு. மட்டக்களப்பு மரபிலே கூத்துப் பழக்குதல் படிமுறையாகச் செல்லும். அதனைப் பாடசாலைத் தவணைகளுக்கு இயைத்துக்கொள்வதில் இடர் சிறிதே.

முதலாவது சட்டங்கொடுத்தல். ஒவ்வொருவர்க்கும் அவரவர் பாத்திரத்திற்குரிய பாட்டுப்பகுதி வழங்கப்படுதல் இது. ஊரறிய நடைபெறும் இந்நிகழ்ச்சியின் பின், ஏற்றுக்கொண்டவர் எளிதிற் பின்வாங்குதல் முறையன்று. யாம் இதனை முதலாந் தவணைத் தொடக்கத்திற் பெற்றோர் முன்னிலையில் நடாத்தினோம். அத்தோடு முழு ஏட்டினையும் தமிழ்ப் பாடவேளையில் வாசித்தோம். விருத்தம் தாளமின்றி நீட்டிப் பாடப்படுவது; தரு தாளத்திற்கமைந்து ஆட்டத்தோடு வருவது. யாப்பிலக்கணத்தை வெறுத்த மாணவரும், விருத்தம் நின்று தரு தொடங்கும் இடத்திற் கதை ஏன் விரைகின்றதென வினவத் தலைப்பட்டனர்.

இரண்டாவது தாளமும் ஆட்டமும். அண்ணாவியார் பாட்டை உடனே ஆடவிடவில்லை. முதலிற் சொற்கட்டை வாயாற் சொல்வித்தார். பின்னர்க் கையாற் போடுவித்தார். அதன்பின்னரே கால்களுக்கு விட்டார். வாய்க்கு வராத தாளம் காலுக்கு வராது என்பது அவர் கொள்கை. மூச்சினை எங்கே எடுப்பது என்பதையும் அவர் கற்பித்தார். ஆடிக்கொண்டே பாடுவோன் அடியின் நடுவில் மூச்சுவிட்டாற் சொல் உடையும். சொல் உடைந்தாற் பொருள் கெடும்.

மூன்றாவது சதங்கை அணிதல். மாதக்கணக்கிற் பழகியபின்னரே காலிற் சதங்கை ஏறும். இதனை வெறுஞ் சடங்கென முன்னர் எண்ணியிருந்தேன். சதங்கை கட்டிய முதல்நாளே அதன் கல்வி நோக்கம் வெளிப்பட்டது. அதுவரை கண்ணுக்கு மட்டும் தெரிந்த பிழை அன்றுமுதல் காதுக்கும் கேட்டது. கால் பிந்தியவன் தன் பிழையைத் தானே கேட்டான், ஆசிரியர் சொல்லவேண்டியிருக்கவில்லை.

நான்காவது கிழமைக் கூத்து. கிழமைதோறும் ஒருநாள், பழகிய அளவினை ஊரார் பார்க்க ஆடுதல் இது. பார்த்திருக்கும் முதியோர் திருத்துவர். சில வேளை சினந்தும் கொள்வர். யாம் வெள்ளிக்கிழமைதோறும் இறுதிப் பாடவேளையின் பின் பாடசாலை முற்றத்தில் ஆடினோம். ஐந்தாவது அடுக்குப் பார்த்தல். தொடக்கம் முதல் முடிவு வரை எல்லாவற்றையும் முறைப்படி ஒருங்கு வைத்து நோக்குதல் அது. இவற்றின் பின்னரே அரங்கேற்றம். அரங்கேறிய பின்னரும் வீடுவீடாகச் சென்று ஆடும் வழக்கம் உண்டு. ஓராண்டுப் பயிற்சியை ஒரே மாலையிற் செலவிட்டு மறந்துவிடாமைக்கு அதுவும் நல்ல வழியே.

ஒரு காட்சி: குந்தியும் கர்ணனும்

மேற்கூறிய முறையினை ஒரு காட்சியால் விளக்குதல் தகும். பாரதப் போருக்கு முன்னே குந்தி கர்ணனைத் தேடி வருகின்றாள். வில்லிபுத்தூரார் மரபிலே, தாய் என அறிந்தபின்னும் கர்ணன் பாண்டவர் பக்கம் வர மறுக்கின்றான். அவள் இரண்டு வரம் கேட்கின்றாள்: நாகக்கணையை ஒருமுறைக்கு மேல் விடலாகாது, அருச்சுனன் ஒழிந்த நால்வரையும் கொல்லலாகாது. கொடுத்தவன் தானும் ஒன்று கேட்கின்றான்: தான் போரில் வீழும்போது அவள் வந்து மடிமீது ஏற்றி, தன்னை மகனென உலகறியச் சொல்லவேண்டும் என்பது.

இக்காட்சியைப் பழக்கும்போது ஒவ்வொரு பாட்டுக்கும் மூன்று வினாக்களை மாணவரிடம் விடுத்தோம். இப்பாட்டைத் தொடங்கும்போது மற்றவர் அறியாதது யாது? பாடி முடிந்தபின் அவரிடத்து மாறியது யாது? இப்பாட்டை நீக்கினாற் கதை நடக்குமா? மூன்றாம் வினாவிற்கு "நடக்கும்" என்று விடை வந்தால், அப்பாட்டினைப் பாடுவோன் அதன் செயலை இன்னும் கண்டுகொள்ளவில்லை என்பதே பொருளாக இருந்தது.

குந்தி தன்னைத் தாயென வெளிப்படுத்தும் இடத்தை எடுத்துக்கொள்க. முதலிற் குந்தியாக நடித்த மாணவன் தன் துயரத்தைக் காட்டவே முயன்றான். முகத்தைக் கைகளாற் புதைத்துப் பாடினான். அண்ணாவியார் இடைமறித்து, "அவ அழ வரல்ல தம்பி. கேட்க வந்தவ" என்றார். அவள் ஐந்து மைந்தரின் உயிர் இரக்க வந்தவள்; இரக்கும் இடமோ இளமையிற் கைவிட்ட பிள்ளையின் வாயில். அன்பும் தன்னலமும் ஒரே பாட்டிற் கலந்திருக்கின்றன. மாணவன் கைகளை எடுத்துவிட்டுக் கர்ணனின் முகத்தை நோக்கிப் பாடினான். பாட்டு அதே பாட்டுத்தான். பார்த்திருந்த வகுப்பு மௌனமாயிற்று.

கேட்டிருப்போன் நடிப்பு பாடுவோன் நடிப்பினும் அரிது. முன்னாண்டு கர்ணனாயிருந்த குரல்வளம் மிக்கவன், குந்தி பாடும்போது மத்தளத்தையும் சபையையும் நோக்கிக்கொண்டிருந்தான். அண்ணாவியார் பொறுத்துப் பார்த்து, அவ்வேடத்தை அவனினும் குரல் குறைந்த ஒருவனுக்கு மாற்றினார். தந்தையார் பாடசாலைக்கு வந்து என்னைக் கடிந்துகொண்டார். நானும் அண்ணாவியாரிடம் அம்மாணவனுக்காகப் பரிந்து பேசினேன். "பாட்டு அவன்ட தொண்டையில இருக்கு, கதை இவன்ட காதில இருக்கு" என்றதே அவர் விடை. குரல் வளத்தைச் சிறப்பாகவும் செவி கொடுத்தலை ஒழுங்கு விதியாகவும் மட்டும் எண்ணியிருந்த ஆசிரியனாகிய எனக்கு அது புதிய இலக்கணமாயிற்று.

எல்லார்க்கும் இடம்

முப்பத்தைந்து பேர் கொண்ட வகுப்பில் வேடம் ஏற்போர் பத்துப் பேரே. ஏனையோர் வெறுமனே பார்த்திருப்பின் அது வகுப்பாகாது. கூத்தின் அமைப்பே இதற்கு விடை தருகின்றது. பாத்திரம் பாடும் அடியை ஏந்திப் பாடப் பிற்பாட்டுக்காரர் வேண்டும். ஆடுவோன் மூச்சுவாங்கும் இடைவெளியைத் தாங்குவோர் அவர்களே. சல்லரி போடுவோன் தாளத்தின் காவலன். கட்டியம் கூறுவோன், ஏடு பார்ப்போன், உடுப்பும் முடியும் செய்வோர் ஆகியோரும் வேண்டப்படுவர். இவ்வேலைகளை மாணவர் முறைமாறிச் செய்தனர். வேடத்தை இழந்த அக்குரல்வளச் சிறுவன் பிற்பாட்டுக்கு வந்தான். சில கிழமை முகத்தைத் தூக்கிக்கொண்டிருந்தவன், தான் ஏந்திப் பாடாவிடிற் கர்ணன் ஆட்டம் தளர்வதைக் கண்டபின் மாறினான். அரங்கேற்றத்தன்று கூத்தினைத் தாங்கியது அவன் குரலே.

சுருக்குவதும் சிதைப்பதும்

இரவு முழுதும் நடைபெறும் கூத்தைப் பாடசாலை மேடைக்கு எவ்வாறு கொணர்வது என்னும் வினா எழும். இதற்கு முன்னோடிகள் உளர். 1956இற் பேராதனையிலிருந்து பேராசிரியர் சரச்சந்திர நாடகம என்னும் சிங்கள மரபினை அடியொற்றி 'மனமே'யை அரங்கேற்றினார். அம்மரபோ தமிழ்க் கூத்தோடு உறவுடையது. அதே பல்கலைக்கழகத்திற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தினை மாணவரைக் கொண்டு மேடையேற்றலானார். 1962இற் 'கர்ணன் போர்' அரங்கேறியது. நொண்டி நாடகம், இராவணேசன், வாலி வதை என்பன அதனைத் தொடர்ந்தன. பட்டதாரி மாணவர் கூத்தாடுகின்றனர் என்ற செய்தியே, "கூத்தாடி" என்னும் வசைச்சொல்லின் கூர்மையை மழுக்கிற்று.

அவர் கூத்தின் நேரத்தைச் சுருக்கினார். நாற்புறமும் பார்ப்போர் சூழ்ந்த வட்டக்களரியிலிருந்து ஒருபுறம் நோக்கிய மேடைக்கு அதனை மாற்றினார். இம்மாற்றத்தால் வந்த நன்மையும் இழப்பும் இன்றும் ஆராயப்படுகின்றன. பாடசாலைக்கு யான் கூறக்கூடியது இதுவே: பாட்டின் எண்ணிக்கையைக் குறைக்கலாம், பாட்டுக்குப் பாட்டு விடையாக வரும் தொடர்பினைக் குறைக்கலாகாது. பத்துக் காட்சிகளில் ஒவ்வொரு பாட்டை எடுத்துக் கோத்தல் மாலையாகலாம், நாடகமாகாது. நேரம் குறைவாயின் ஒரு காட்சியை முழுமையாக ஆடுக. மண்டபத்திலும் மேடையைவிட்டு இறங்கி, மூன்று புறமும் மாணவரை இருத்தி ஆடலாம். ஒலிவாங்கியைக் கூடியவரை விலக்குக. அது முன்னிற்கும்போது பாடுவோன் கண் அதனையே நாடும் என்பதை நான் பட்டறிந்தவன்.

பரீட்சையும் பயிற்சியும்

முன்னாளில் இல்லாத வாய்ப்பொன்று இன்று உண்டு. நாடகமும் அரங்கியலும் க.பொ.த. சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் பரீட்சைப் பாடமாக உள்ளது. இது பெருமகிழ்ச்சிக்குரியது. ஆயினும் ஒரு தருவையேனும் பாடி ஆடாத மாணவன், தருவுக்கு வரைவிலக்கணம் எழுதிச் சிறப்புச் சித்தி பெறுதல் கூடும். வடமோடிக்கும் தென்மோடிக்கும் உள்ள வேறுபாடுகளை அட்டவணையாக மனனஞ் செய்தவனை மத்தளத்தின் முன் நிறுத்தினால், கால் எங்கே வைப்பதென அறியான். நீச்சலைக் கரையிலிருந்து கற்பித்த கதையாக அது முடியலாகாது. எழுத்துக்கும் பயிற்சிக்கும் நேரசூசியிற் சம இடம் வேண்டும்.

பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம்

நிறைவிழா ஆண்டிலே மண்டபமும் வாயிற்கோபுரமும் அமைக்கப் பழைய மாணவர் பொருள் திரட்டுதல் வழக்கம். அவற்றோடு சிறிய செலவொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டுகின்றேன். நல்ல மத்தளம் ஒன்று, சல்லரி இரண்டு இணை, சதங்கை இருபது இணை ஆகியவற்றைக் கல்லூரிக்கு வாங்கிக் கொடுப்போம். கூத்தறிந்த அண்ணாவியார் ஒருவரை உரிய வேதனத்தோடு ஓராண்டுக்கு அழைப்போம். அவரை விழா நாளிற் பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடாது, ஆசிரியர்க்குரிய நாற்காலியில் இருத்துவோம். ஒன்பதாம் வகுப்பு நேரசூசியிற் கிழமைக்கு இரு பாடவேளை ஒதுக்குமாறு அதிபரை வேண்டுவோம்.

எனக்குக் கற்பித்த அண்ணாவியார் இன்று இல்லை. எங்களுக்குப் பழக்கிய கர்ணன் கதையை அவரிருந்தே ஒரு மாணவன் அப்பியாசப் புத்தகத்திற் படி எடுத்தான். துணிப்பொதியிலிருந்த மற்றை ஏடுகளுக்கு ஓராண்டு போதவில்லை. எனக்கும் மாற்றம் வந்துவிட்டது. அவை என்னவாயின என்று பின்னர் விசாரித்தும் விடை கிடைக்கவில்லை. கற்பிக்க வல்லார் இன்னும் சிலர் ஊர்களில் இருக்கின்றனர். அவர்கள் வீட்டு வாயிலுக்கு நாம் செல்லவேண்டிய காலம் இது.

நம் கல்லூரி நீடு வாழ்க. அதன் மேடையிலே நம் மண்ணின் மத்தளமும் முழங்குக.